வேலூரில் ஜீன்ஸ் பிடித்தது எதன் இடத்தை?

"குடியாத்தம் பக்கம் நெசவுக் குடும்பம் எங்களுடையது. மகள் இந்த ஆண்டு வேலூரில் கல்லூரியில் சேர்கிறாள். நான்கு ஜீன்ஸ் வேண்டுமாம். பெண்கள் எல்லாரும் புடவையை விட்டு ஜீன்ஸுக்குப் போய்விட்டார்களே, இதனால்தானே எங்கள் தறிகள் நின்றன? இன்னும் இருபது ஆண்டில் புடவை இருக்குமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்விக்குறி இரண்டுதான் இருக்கிறது, ஆனால் விஷயம் நான்கு. ஜீன்ஸ் எதன் இடத்துக்கு வந்தது, தறி நின்றதற்கு அதுதான் காரணமா, இருபது ஆண்டில் புடவை இருக்குமா என்பவை மூன்று. நான்காவதை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான்கு ஜீன்ஸ் என்று எண்ணிக்கை போட்டு எழுதியிருப்பதிலிருந்து நானாக எடுத்துக்கொள்கிறேன்: வாங்கித் தரலாமா?

நான் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பம் படித்தவள். சில ஆண்டுகள் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, 1999-இல் வேலூர் சத்துவாச்சாரியில் பெண்களுக்கான தையல் கடை போட்டேன். இன்றுவரை அதே கடைதான், அதே மேசைதான். ஆகவே தறியின் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடும் (குறுக்கு நூல்) தெரியும், கத்தரிக்கோலும் தெரியும். எனக்குத் தெரிவது கடைக்குப் படியேறி வருகிற வேலூர்ப் பெண்களை மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் என்ன உடுத்துகிறார்கள் என்று நான் சொன்னால் அது பஸ் நிலையத்தில் பார்த்ததை வைத்துச் சொல்வதாகத்தான் இருக்கும்.

அளவு நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. உங்கள் கேள்வியைப் படித்ததும் இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன். முதல் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஜாக்கெட், உள்பாவாடை, புடவைக்கு ஃபால்ஸ், நடுநடுவே தாவணிக்கு ஓரம். சுடிதார் அங்கொன்றும் இங்கொன்றும்தான் வருகிறது. வந்த இடத்தில் என் கையெழுத்தே தடுமாறியிருக்கிறது, பேன்ட் கால் வாய் எவ்வளவு வைப்பது என்று இரண்டு தரம் அடித்துத் திருத்தியிருக்கிறேன். நாலைந்து நோட்டு தள்ளிப் போனால் சுடிதார்தான் எல்லாம். தாவணி பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டும் தலைகாட்டுகிறது. இன்னும் சில நோட்டுக்குப் பிறகு ஒரு வேடிக்கை. மேல்சட்டைக்குத் தோள், மார்பு, இடுப்பு, கை லூஸ் எல்லாம் எழுதியிருக்கிறது, பேன்ட்டுக்கு உரிய கட்டம் காலி. லெகிங்ஸ் வந்துவிட்ட காலம் அது. "அக்கா, டாப் மட்டும் தையுங்கள், கீழே லெகிங்ஸ் போட்டுக்கொள்கிறேன்" என்பார்கள். அந்தக் காலிக் கட்டத்தில்தான் பிறகு ஜீன்ஸ் வந்து உட்கார்ந்தது.

இதுதான் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலூரில் ஜீன்ஸ் புடவையின் இடத்தைப் பிடிக்கவில்லை. சுடிதாரின் கால் பகுதியைத்தான் பிடித்தது. காட்பாடி சாலையில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். ஜீன்ஸ் அணிந்த பெண்களில் பெரும்பாலோர் மேலே முழங்கால்வரை குர்த்திதான் போட்டிருப்பார்கள். சட்டையோ டி-ஷர்ட்டோ போட்டிருப்பவர்கள் அநேகமாக வெளி மாநிலங்களிலிருந்து படிக்க வந்தவர்கள். மேல்விஷாரத்திலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் வரும் என் வாடிக்கையாளர்களில் சிலர் புர்காவுக்குள் ஜீன்ஸ் அணிகிறார்கள். தெருவில் நின்று எண்ணுகிறவர் கணக்கில் அது வராது, நீளம் குறைக்கிற என் கணக்கில் வரும்.

அப்படியானால் தினசரிப் புடவை எங்கே போனது? அதை வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். புடவையை அன்றாட உடை என்ற பதவியிலிருந்து இறக்கியது நைட்டி. காலையில் கோலம் போடுவதிலிருந்து பால் வாங்குவது, பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிடுவதுவரை நைட்டியும் தோளில் ஒரு துண்டும்தான். முன்பு ஒரு பெண் ஆண்டுக்கு நாலைந்து சாதாப் புடவைகளை உடுத்தி, துவைத்து, கிழித்து, கடைசியில் தொட்டிலுக்கோ கரித்துணிக்கோ போடுவாள். நெசவுக்குச் சோறு போட்டது அந்தத் தேய்மானம். இன்று அந்த இடத்தில் இருநூறு முந்நூறு ரூபாய் நைட்டி இருக்கிறது. ஆனால் நைட்டியைப் பற்றி யாரும் கவலைப்பட்டுக் கேள்வி எழுதுவதில்லை. அம்மா போடுவதாலோ என்னவோ.

பாரம்பரிய உடை என்ற சொல்லையும் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். நான் படித்துக்கொண்டிருந்தபோது சுடிதார் போட்டால் "என்ன வடக்கத்தி வேஷம்" என்பார்கள். 2015 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயிலுக்கு வருகிறவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு சொல்லி ஓர் உத்தரவு போட்டது. 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்குத் தக்க உடை என்று அதில் சொல்லப்பட்டவை புடவை, தாவணி, மேல்துணியுடன் சுடிதார். அந்த மாதத்திலேயே மேல்முறையீட்டில் தடை வந்துவிட்டது என்பது வேறு விஷயம். 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த அரசாணையிலும் புடவைக்குப் பக்கத்திலேயே சுடிதாருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இப்போது அரசுப் பள்ளிச் சீருடையே தாவணியிலிருந்து சுடிதாருக்கு மாறிவிட்டது. வடக்கத்தி வேஷம் ஒரே தலைமுறையில் நம் பண்பாட்டு உடையாகிவிட்டது, யாரும் விழா எடுக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் பழைய உடையை முதலில் விட்டது யார்? குடியாத்தம் என்றால் லுங்கி. அந்த லுங்கியைக் கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் இன்று வீட்டில் ட்ராக் பேன்ட்டும் அரைக்கால் சட்டையுமாக இருக்கிறார்கள். வேட்டி அதற்கும் முன்பே அலுவலகங்களிலிருந்து போய்விட்டது. சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிய நீதிபதியை உள்ளே விடவில்லை என்று பெரிய சச்சரவாகி, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று 2014-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. உங்கள் ஊர்த் தறியில் லுங்கிக்கு ஆர்டர் குறைந்ததற்கு உங்கள் மகளின் நான்கு ஜீன்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் என்றைக்கும் லுங்கி கட்டப்போவதில்லையே.

தறிகள் நின்ற காரணத்துக்கு வருகிறேன். இங்கே ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 1995-96-இல் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 65 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். 2009-10-இல் அது சுமார் 43 லட்சம். 2019-20-இல் சுமார் 35 லட்சம். பெரிய சரிவு நடந்தது முதல் பதினான்கு ஆண்டுகளில். அந்த ஆண்டுகளின் என் நோட்டுகளில் ஜீன்ஸ் என்ற சொல்லே அபூர்வம். அப்போது கைத்தறியை அமுக்கியது விசைத்தறி. புடவை, லுங்கி உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி 1985-இல் ஒரு சட்டம் வந்தது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள்; சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1993 ஆகிவிட்டது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன, பிறகு அதை 11 ஆகக் குறைத்தார்கள். இந்த இடைவெளிக்குள் விசைத்தறியில் ஓடிய பாலியஸ்டர் புடவை கடைகளை நிறைத்துவிட்டது. சங்கத்தில் நான் வேலை பார்த்தபோது நூல் சிட்டத்தின் விலை ஏறியதும், நெசவாளர் கூலி அப்படியே நின்றதும் என் கையால் எழுதிய பேரேட்டில் பார்த்தது. ஆக, கைத்தறிப் புடவையைத் தோற்கடித்ததும் ஒரு புடவைதான். மலிவான புடவை. பிறகு வந்த நைட்டியும் லெகிங்ஸும் ஜீன்ஸும் மிச்சம் மீதியைப் பங்கு போட்டன. அதில் ஜீன்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் ஊகிக்கிறார் என்று அர்த்தம்.

நெசவுக் குடும்பம் என்பதால் ஒரு கிளைக்கதை. ஜீன்ஸ் துணியை ஒருநாள் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெளியே நீலம், உள்ளே வெளுப்பு. பாவு நீல நூல், ஊடு வெள்ளை நூல். ஊடு மூன்று பாவு நூலுக்குக் கீழே போய் ஒன்றுக்கு மேலே வருகிற சாய்வரி நெசவு. அந்த நீலம் நூலின் நடுவரை போகாது, மேல்தோலில் மட்டும் படியும். அதனால்தான் முழங்காலில் தேய்ந்து வெளுக்கிறது. அந்த வெளுப்பையே அழகு என்று விற்கிறார்கள். அந்த நீலம் ஒரு காலத்தில் அவுரிச் செடியிலிருந்து எடுத்தது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, கடப்பை மண்ணில் அது பணப்பயிராக இருந்து கப்பலேறியது. 1897-இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் நம் அவுரித் தொட்டிகள் வற்றின. செம்புக் குமிழ் (ரிவெட்) அடித்த கால்சட்டைக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1873-இல். கண்டுபிடித்தவர் தையல்காரர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. பெண்களுக்கென்று அந்த நிறுவனம் ஜீன்ஸ் போட்டது 1934-இல்தான்.

நம் பக்கம் முதலில் வந்தது ஆண்களுக்கு. 1995-இல் அர்விந்த் ஆலை 'ரஃப் அண்ட் டஃப்' என்று தைக்காத ஜீன்ஸைப் பொட்டலமாக விற்றது. துணி, ஜிப், குமிழ், பின்னால் தைக்கிற பட்டை எல்லாம் உள்ளே இருக்கும், உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டியது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அந்தப் பொட்டலம் ஒன்றைத் தைத்து முடிப்பதற்குள் மூன்று ஊசி உடைத்தார். ஜாக்கெட்டுக்குப் போடும் ஊசி அதில் நிற்காது. 16 அல்லது 18 நம்பர் ஊசி வேண்டும். உள்கால் தையலில் துணி நாலு அடுக்கு. அதை ஓரத்தில் இரண்டு மடிப்பு மடித்தால் பன்னிரண்டு அடுக்கு. சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி மட்டப்படுத்திவிட்டு, மெஷினைக் காலால் ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் திருப்பித் தைப்போம். இன்றும் அப்படித்தான். அந்த இடம் வரும்போது கடையில் பேச்சு நின்றுவிடும்.

பெண்களுக்கு ஜீன்ஸ் ஏன் பிடித்தது என்று என்னிடம் வருகிறவர்களிடமே பல முறை கேட்டிருக்கிறேன். நாகரிகம், சினிமா என்று யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. முதலில் வருவது வண்டி. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும், துப்பட்டா சக்கரத்தில் சிக்கக் கூடாது. 1990-களின் நடுவில் ஸ்கூட்டி வந்தது. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை மானியத்தில் அரசே ஸ்கூட்டர் கொடுத்தது. வண்டி கூடக் கூட என் கடைக்கு வரும் துப்பட்டாக்கள் குறைந்தன. இரண்டாவது துவைப்பது. விடுதியில் ஒரு வாளி, ஒரு கொடி. ஜீன்ஸை நாலைந்து தரம் போட்டபின் துவைத்தால் போதும். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம். மூன்றாவது செலவு. ஒரு புடவை என்றால் புடவையோடு முடிவதில்லை. ஃபால்ஸ், லைனிங் வைத்த ஜாக்கெட், உள்பாவாடை என்று தனிக் கணக்கு ஓடும். நான் அந்தக் கணக்கில் பிழைக்கிறவள், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். நான்காவது பாக்கெட். அதிலும் ஒரு மோசடி இருக்கிறது. ஆண்கள் ஜீன்ஸில் கை முழுக்க உள்ளே போகும், பெண்களுடையதில் விரல் கணுவோடு நின்றுவிடும். அந்தப் பையைப் பிரித்து, பழைய ஜாக்கெட் லைனிங் துணியால் ஆழமாக்கித் தருவது இப்போது என் கடையில் தனி வேலை. செல்போனை உள்ளே விட்டு, குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. கனமான டெனிம் இங்கே தண்டனை. இறுக்கமான ஜீன்ஸ் தொடையின் வெளிப்பக்கத்து நரம்பை அழுத்தி மதமதப்பும் எரிச்சலும் உண்டாக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம். உடனே "பார்த்தீர்களா, புடவைதான் நல்லது" என்று கிளம்பிவிட வேண்டாம். உள்பாவாடை நாடாவை ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் இடுப்பில் புண்ணாகி, அரிதாகத் தோல் புற்றுநோயே வந்ததை நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாடா வைக்கிற இடத்தில் அகலப் பட்டை வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றால் பாதிப் பேர் கேட்பதில்லை.

இருபது ஆண்டு கழித்துப் புடவை இருக்குமா என்றால், இனி சொல்வது என் ஊகம், கணக்கு அல்ல. விசேஷத்துக்குப் புடவை இருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஜீன்ஸ் போட்டு வருகிற அதே பெண்கள்தான் கல்லூரியில் பொங்கல் விழாவுக்குப் பாட்டியின் ஆரணிப் பட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆரி வேலை செய்த ஜாக்கெட்டுக்குப் புடவையைவிட அதிகம் கொடுக்கிறார்கள். மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் மடித்துத் தருவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் நம் ஊரிலும் வந்துவிட்டார்கள். கட்டத் தெரியாதவர்களுக்குப் பாவாடைபோல மாட்டிக்கொள்கிற தைத்த புடவையும் கேட்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் தைத்துத் தருகிறேன். பட்டு நெய்கிறவர்களுக்கு இதில் கொஞ்சம் தெம்பு உண்டு. அன்றாடப் பருத்திப் புடவை நெய்கிறவர்களுக்கு இந்தச் செய்தியில் ஆறுதல் எதுவும் இல்லை. அவர்களுடைய வாடிக்கைக்காரி நைட்டிக்குள் போய்விட்டாள், திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. வாங்கிக் கொடுங்கள், ஆனால் நான்கு வேண்டாம். இரண்டு ஜீன்ஸ் போதும், மீதிக் காசுக்குப் பருத்திக் குர்த்தி வாங்கலாம். லேபிளைப் பாருங்கள்: பருத்தி அதிகமாகவும், இழுவைக்கு எலாஸ்டேன் ஒன்றிரண்டு சதவீதமும் இருந்தால் நல்லது, பாலியஸ்டர் நிறையக் கலந்ததை நம் வெயிலுக்கு வாங்காதீர்கள். கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள், எட்டு முதல் பத்து போதும். சாயம் நிற்க உப்பில் ஊற வையுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அவுரி நீலம் தண்ணீரில் கரைகிற சாயமல்ல, உப்பு அதை ஒன்றும் செய்யாது. முதல் இரண்டு மூன்று துவைப்புத் தனியாகத் துவைத்தால் போதும், வெள்ளைத் துணியோடு போட்டால்தான் வம்பு. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டர்தான், கடையில் வருகிற கால் நீளம் அதற்குத் தைத்ததல்ல. எப்படியும் மூன்று நான்கு அங்குலம் வெட்ட வேண்டியிருக்கும். கடையிலேயே அவசரமாக வெட்டிவிடாதீர்கள், பருத்தி சுருங்கும். ஒரு தரம் துவைத்துக் காயவைத்து, அதன் பிறகு தையல்காரரிடம் போங்கள். வெளுத்த பழைய ஓரத்தையே திரும்ப வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கொடுக்கலாம். போகும்போது உங்கள் மகள் கல்லூரிக்குப் போடப்போகும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெறுங்காலில் நிற்க வைத்து அளவெடுத்தால் நடக்கும்போது கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.